கடைக்கு ஒரு ப்ளக்இன்: பைத்தானில் தனி நிரலையும் அதன் லைப்ரரிகளையும் ஓட்டத்தில் ஏற்றும் முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. பலகாரக் கடையில் கிலோ கணக்கு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வாடிக்கையாளர் சதுர அடியில் கேட்பார், கொடுப்பது கல் எண்ணிக்கையில். கண்டாங்கிச் சேலைக் கடைக்கு உருப்படிக் கணக்கு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் விற்கும் கடையிலோ ஒரே மாதிரி இரண்டு பொருள் இருக்காது, பில்லில் படமே போட்டாக வேண்டும். இத்தனையையும் ஒரே நிரலுக்குள் இஃப், எல்ஸ் என்று அடுக்கினால், ஒரு கடைக்குத் திருத்தம் செய்யும்போது இன்னொரு கடையின் கணக்கு உடையும். அதனால் மெயின் நிரல் எல்லாருக்கும் ஒன்று, கடைக்கான கணக்கு தனி ப்ளக்இன், அதாவது மெயின் நிரலோடு வந்து சேர்ந்துகொள்ளும் துணை நிரல்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் தடுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். நிரலை ஓட்டத்தில், அதாவது மெயின் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏற்றுவதும் லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த தயார் நிரல் தொகுப்பை) ஓட்டத்தில் இன்ஸ்டால் செய்வதும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதலாவது பைத்தானுக்கு மிகச் சுலபம். இரண்டாவதைக் கடைக் கம்ப்யூட்டரில் செய்யவே கூடாது. கீழே உள்ள வரிசை முழுக்க இந்தப் பிரிவை வைத்துப் போட்டதுதான்.

ஆணைகளையும் ஃபங்க்ஷன் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் கடைக் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்னால் அந்த மெஷினில் பைத்தானைத் திறந்து சிஸ்.வெர்ஷன், சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் இரண்டையும் பிரிண்ட் செய்து குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் சிஸ்.வெர்ஷன் வரியிலேயே 32 பிட்டா 64 பிட்டா என்பதும் வந்துவிடும்.

இது ஏன் முதல் வேலை என்றால், நம்பை (எண் கணக்குக்கு), பில்லோ (படத்துக்கு) போன்ற லைப்ரரிகளில் சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த பகுதி இருக்கிறது. பைத்தான் 3.11-க்குக் கட்டிய பில்லோ 3.12-இல் ஏறாது, 64 பிட்டுக்குக் கட்டியது 32 பிட்டில் ஏறாது. லைப்ரரியைப் பொதிந்து தரும் வீல் ஃபைலின் பெயரைப் பார்த்தாலே தெரியும்: கடைசியில் 'நன்-எனி' என்று இருந்தால் சுத்தமான பைத்தான், எங்கும் ஓடும். 'சிபி312', 'வின்_ஏஎம்டி64' என்று இருந்தால் அந்தப் பதிப்புக்கும் அந்த மெஷினுக்கும் மட்டும்.

நம் ஊர்க் கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதில் பைத்தான் 3.8-க்கு மேல் போட முடியாது, 3.8-க்கோ 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. முடிந்தால் மெஷினை மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் 7-ஆம் படியை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலும் ஓடும்.

லினக்ஸ் மெஷின் என்றால் இன்னொன்று. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் (லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் கருவி) நேராக எதையும் போட விடாது, எரர் காட்டி நிறுத்திவிடும். அதைத் தாண்டிப் போக ஒரு சுவிட்ச் இருக்கிறதுதான், அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்', தொடாதீர்கள். மெயின் நிரலுக்குத் தனி வெர்ச்சுவல் என்விரான்மெண்ட், அதாவது தனக்கென்று லைப்ரரிகளை வைத்திருக்கும் தனி பைத்தான் ஃபோல்டர், வைத்துக்கொள்ளுங்கள்.

2. ப்ளக்இன் என்ன தர வேண்டும் என்று எழுதி வையுங்கள்

பலரும் ஏற்றும் நிரலை முதலில் எழுதிவிட்டு, ப்ளக்இன் எப்படி இருக்க வேண்டும் என்பதை அப்புறம் யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மெயின் நிரலுக்குத் தேவை மூன்றே மூன்று: ப்ளக்இனின் பெயர், அது எந்த ஒப்பந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்ற ஒரு எண், 'கணக்கிடு' என்ற ஒரு ஃபங்க்ஷன். அந்த ஃபங்க்ஷனுக்கு என்ன உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள், அதுதான் ஒப்பந்தம்.

ஒப்பந்த எண் வீண் வேலை மாதிரித் தோன்றும். ஆனால் ஒரு வருடம் கழித்து மெயின் நிரலில் 'கணக்கிடு'வுக்கு இன்னொரு ஆர்கியுமெண்ட் (உள்ளே கொடுக்கும் மதிப்பு) சேர்ப்பீர்கள். பழைய ப்ளக்இன் வைத்திருக்கும் கடையில் அது ஏறும், சிரித்துக்கொண்டே ஏறும். முதல் பில் போடும்போதுதான் விழும். எண் இருந்தால் ஏற்றும்போதே பார்த்து நிறுத்திவிடலாம்.

பைத்தான் 3-இல் ஃபங்க்ஷன் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், நான் வைப்பதுண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: 'கொ' போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்க முடியும். நிரலுக்குள் எழுதிய பெயரைப் பைத்தான் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், ஆனால் கெட்ஆட்டர் ஃபங்க்ஷனுக்குப் பெயரை ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்துச் சரமாக) கொடுத்துத் தேடும்போது அப்படிச் செய்யாது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பெயரைக் காணவில்லை என்று சொல்லும். ப்ளக்இன் தர வேண்டிய பெயர்களில் ஒகர, ஓகார, ஔகார எழுத்தைத் தவிர்த்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஃபைல், ஃபோல்டர் பெயர்களை ஆங்கிலத்திலேயே விடுங்கள், ஜிப் செய்து அனுப்பும்போது எழுத்து உடைவதுண்டு.

3. ஃபோல்டரும் பெயரும்

மெயின் நிரல் பக்கத்தில் 'ப்ளக்இன்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கடைக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் '__இனிட்__' ஃபைல், கணக்கு ஃபைல்கள், வேண்டிய லைப்ரரிகளின் பட்டியலான ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைல், 'லிப்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். லைப்ரரிகள் எல்லாம் அந்த லிப்ஸுக்குள்.

பெயர் வைப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. கேலண்டர், ராண்டம், ஈமெயில், டைப்ஸ் இவையெல்லாம் பைத்தானோடு வரும் மாட்யூல்களின் (இம்போர்ட் செய்து பயன்படுத்தும் நிரல்களின்) பெயர்கள், அந்தப் பெயரில் எதையும் வைக்காதீர்கள். அதைவிட மோசம், எல்லாரும் வைக்கும் 'யூட்டில்ஸ்'.

என்ன ஆகும் என்று பாருங்கள். பலகார ப்ளக்இனுக்குள் யூட்டில்ஸ் என்று ஒரு ஃபைல், அதில் 'முழுமையாக்கு' என்று ஒரு ஃபங்க்ஷன், எடையை இரண்டு தசமத்துக்குச் சுருக்கும். டைல்ஸ் ப்ளக்இனிலும் யூட்டில்ஸ், அதிலும் 'முழுமையாக்கு', ஆனால் இது மேல்நோக்கி முழு எண்ணாக்கும். எட்டுக்கு எட்டு இன்ச் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 2.25 கல், 110 சதுர அடிக்கு 247.5 வரும், பில்லில் 248 விழ வேண்டும். இரண்டு ப்ளக்இனும் 'இம்போர்ட் யூட்டில்ஸ்' என்று எழுதியிருந்தால், பைத்தான் முதலில் ஏறியதை சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியில் அந்தப் பெயரில் வைத்துக்கொள்ளும், இரண்டாவது ஆள் கேட்டால் புதிதாகத் தேடாமல் அதையே எடுத்துக் கொடுக்கும். டைல்ஸ் பட்டறைக்குப் பலகாரக் கடையின் ஃபங்க்ஷன் போகும். பில்லில் 247.5 கல். எரர் கிடையாது, லாக் கிடையாது, அரைக் கல்லை யார் தருவது என்று கேட்டு வாடிக்கையாளர் சிரிக்கும்போதுதான் தெரியும்.

இதற்கு மருந்து, ப்ளக்இனை ஒரு பேக்கேஜாக ('__இனிட்__' ஃபைல் உள்ள ஃபோல்டராக) வைத்து உள்ளே எங்கும் புள்ளி வைத்த இம்போர்ட் மட்டும் எழுதுவது: 'ஃப்ரம் . இம்போர்ட் யூட்டில்ஸ்'. அப்போது அதன் முழுப் பெயர் ப்ளக்இன் பெயரோடு சேர்ந்தே பதிவாகும், மோதாது. ப்ளக்இன் ஃபோல்டரையே சிஸ்.பாத்தில் (பைத்தான் மாட்யூல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) சேர்த்துவிட்டு வெறும் பெயரில் இம்போர்ட் செய்யும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

4. லைப்ரரிகளை உங்கள் இடத்திலேயே கட்டுங்கள்

நிரலுக்குள்ளிருந்தே பிப்பைக் கூப்பிட்டு வேண்டியதை இறக்கிக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். கடையில் நெட் இருக்காது, இருந்தாலும் முகூர்த்த நாள் காலையில் போய்விடும். ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்காது. நேற்று வந்த பதிப்பு இன்று மாறியிருக்கும். பிப்பை 'இம்போர்ட் பிப்' என்று நிரலுக்குள் எடுத்துப் பயன்படுத்துவதைப் பிப் எழுதியவர்களே ஆதரிப்பதில்லை, வேறு வழியே இல்லையென்றால் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் வைத்துத் தனி ப்ராஸஸாக ஓட்டச் சொல்கிறார்கள். அந்த நிலைமைக்கே போகாதீர்கள்.

உங்கள் மெஷினில், கடையில் இருக்கும் அதே ஆபரேட்டிங் சிஸ்டம், அதே பைத்தான் பதிப்பில் இதை ஓட்டுங்கள்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --டார்கெட் லிப்ஸ் -ஆர் ரெக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி

வெறுமனே 'பிப்' என்று அடிக்காமல் 'பைத்தான் -எம் பிப்' என்று அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மெஷினில் இரண்டு மூன்று பைத்தான் இருந்தால், வெறும் பிப் எதனுடையது என்று தெரியாது. ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் இரட்டைச் சமக்குறி போட்டுப் பதிப்பைக் கட்டிவையுங்கள்.

இரண்டாம் தடவை அதே லிப்ஸ் மேல் ஓட்டினால், ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர்களைப் பிப் மாற்றாது, எச்சரித்துவிட்டுப் போய்விடும். புதுப் பதிப்பு போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே பழசு இருக்கும். லிப்ஸை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் நிம்மதி.

சிலர் வெர்ச்சுவல் என்விரான்மெண்ட் ஃபோல்டரையே பென்டிரைவில் காப்பி செய்து கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் உங்கள் மெஷினின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும், வேறு மெஷினில் அது நிற்காது. கடையில் நெட் இல்லாமல் என்விரான்மெண்ட் கட்ட வேண்டுமென்றால், பிப் டவுன்லோட் வைத்து வீல்களை ஒரு ஃபோல்டரில் இறக்கிக்கொண்டு போய், அங்கே '--நோ-இண்டெக்ஸ்', '--ஃபைண்ட்-லிங்க்ஸ்' போட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்.

லிப்ஸை ஜிப்பாகவே வைத்து அதை சிஸ்.பாத்தில் சேர்க்கலாமா? சுத்தமான பைத்தான் லைப்ரரி என்றால் ஓடும். கம்பைல் செய்த பகுதி உள்ளே இருந்தால் ஜிப்பிலிருந்து ஏறாது. பில்லோ வேண்டும் என்ற பழைய பொருள் கடைக்கு இது ஆகாது. ஃபோல்டராகவே இருக்கட்டும்.

5. பாதையில் சேர்ப்பது: முன்னாலா, பின்னாலா?

ப்ளக்இனை ஏற்றுவதற்கு முன் அதன் லிப்ஸ் ஃபோல்டர் சிஸ்.பாத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ப்ளக்இனின் முதல் வரியே இம்போர்ட்டாகத்தான் இருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான உதாரணங்கள் சிஸ்.பாத்.இன்செர்ட் போட்டு முதல் இடத்தில் வைக்கும். வேண்டாம். முதலில் வைத்தால், மெயின் நிரல் இனிமேல் இம்போர்ட் செய்யப்போகும் லைப்ரரிகூட ஏதோ ஒரு கடையின் ஃபோல்டரிலிருந்து வந்துவிடும். கடைசியில் சேருங்கள். மெயினிடம் இருப்பதை மெயின் எடுத்துக்கொள்ளும், இல்லாததற்கு மட்டும் ப்ளக்இன் ஃபோல்டருக்குப் போகும்.

அதிலும் சிஸ்.பாத்.அப்பெண்டைவிட சைட்.ஆட்சைட்டிர் நல்லது. இதுவும் கடைசியில்தான் சேர்க்கும், கூடவே அந்த ஃபோல்டரில் உள்ள '.பிடிஎச்' ஃபைல்களையும் படிக்கும். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்றால், விண்டோஸில் லேபிள் பிரிண்டரோடு பேச பைவின்32 போடுவோம். அதன் மாட்யூல்கள் லிப்ஸுக்குள் இன்னொரு உள்ஃபோல்டரில் இருக்கும், அங்கே வழிகாட்டுவது அந்த '.பிடிஎச்' ஃபைல்தான். வெறும் அப்பெண்ட் செய்தால் வின்32பிரிண்ட் கிடைக்கவில்லை என்று எரர் வரும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஃபைல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். தேன்குழல் பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் ப்ளக்இன் எழுதும் எல்லாரும் இங்கே ஒருமுறை முழிப்பார்கள்.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது ஃபோல்டரைக் கொண்டுவந்து வைத்தால், இம்போர்ட்லிப்.இன்வேலிடேட்_கேஷஸ் ஒருமுறை கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் பைத்தான் பழைய பட்டியலையே நம்பிக்கொண்டிருக்கலாம்.

6. ஏற்றுவது

நான்கே வரி, ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் இம்போர்ட்லிப்.யூட்டிலில் உள்ள ஸ்பெக்_ஃப்ரம்_ஃபைல்_லொகேஷனுக்கு ஒரு பெயரும், ப்ளக்இனின் '__இனிட்__' ஃபைலின் பாதையும் கொடுங்கள். பெயருக்கு முன்னால் 'கடை_' என்று ஒரு முன்னொட்டு வைத்தால் வேறு எதோடும் மோதாது. அப்புறம் மாட்யூல்_ஃப்ரம்_ஸ்பெக் வைத்துக் காலி மாட்யூல் ஒன்றை உருவாக்குங்கள். அதை சிஸ்.மாட்யூல்ஸில் அதே பெயரில் பதியுங்கள். கடைசியாக ஸ்பெக்.லோடர்.எக்ஸெக்_மாட்யூல்.

மூன்றாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், ஏனென்றால் ஒற்றை ஃபைல் ப்ளக்இனில் அது இல்லாமலும் ஓடிவிடும். நாம் பேக்கேஜாக வைத்துப் புள்ளி இம்போர்ட் எழுதியிருக்கிறோம். அந்தப் புள்ளி யாரைக் குறிக்கிறது என்று பைத்தான் தேடுவது சிஸ்.மாட்யூல்ஸில். பதியாமல் ஓட்டினால் 'அப்படி ஒரு மாட்யூலே இல்லை' என்று, ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூலின் பெயரையே சொல்லி எரர் வரும். தரவை ஃபைலில் சேமித்து மீட்கும் பிக்கிளும் அங்கேதான் தேடும். எக்ஸெக்_மாட்யூல் பாதியில் விழுந்தால் பதிந்ததை எடுத்துவிடுங்கள், அரைகுறை மாட்யூல் அங்கே கிடக்கக் கூடாது.

ஃபோல்டர்களைப் பட்டியலிடும்போது சார்ட்டட் போட்டு வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். ஓஎஸ்.லிஸ்ட்டிர் எந்த வரிசையில் தரும் என்று உத்தரவாதம் இல்லை, மெஷினுக்கு மெஷின் ஏறும் வரிசை மாறினால் பிழை பிடிப்பது நரகம்.

பழைய பாடங்களில் 'இம்ப்' என்ற மாட்யூல் வரும். பைத்தான் 3.12-இல் அதை எடுத்தேவிட்டார்கள். அதை வைத்து எழுதிய எதையும் காப்பி செய்யாதீர்கள்.

7. பிப் வழியாக வரும் ப்ளக்இன்

ப்ளக்இன் எழுதுபவர்கள் பலர், எல்லாரும் நிரலர்கள், நெட் இருக்கும் சர்வர் என்றால் ஃபோல்டர் முறையைவிட என்ட்ரி பாயிண்ட் முறை நல்லது. பைப்ராஜெக்ட்.டாம்ல் ஃபைலில் ஒரு குழுப் பெயரின் கீழ் ப்ளக்இனைப் பதிந்து, மெயின் நிரலின் என்விரான்மெண்டில் சாதாரணமாக இன்ஸ்டால் செய்கிறீர்கள். மெயின் நிரல் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டாவின் என்ட்ரி_பாயிண்ட்ஸிடம் குழுப் பெயரைச் சொல்லிக் கேட்கும், கிடைத்த ஒவ்வொன்றிலும் லோட் கூப்பிடும். குழுப் பெயர் கொடுத்துக் கேட்கும் வசதி பைத்தான் 3.10 முதல்.

இதில் எல்லாரும் மாட்டுவது ஒன்றுதான். எடிட்டபிளாக (காப்பி எடுக்காமல் மூல ஃபோல்டரையே காட்டி) இன்ஸ்டால் செய்திருந்தால் நிரலைத் திருத்தியவுடன் மாற்றம் தெரியும், ஆனால் டாம்ல் ஃபைலில் என்ட்ரி பாயிண்டைத் திருத்தினால் தெரியாது. மறுபடி இன்ஸ்டால் செய்தாக வேண்டும்.

கடைகளுக்கு நான் இதைச் சொல்வதில்லை. ஃபோல்டரை வைத்தால் வேலை முடிந்தது என்பதுதான் அங்கே சரிப்படும்.

8. ஏறாவிட்டால்?

ஒவ்வொரு ப்ளக்இன் ஏற்றத்தையும் தனித்தனி ட்ரைக்குள் வையுங்கள், ட்ரேஸ்பேக் (எரர் எந்த வரி வழியாக வந்தது என்ற விவரம்) முழுவதையும் லாக் ஃபைலில் எழுதுங்கள். எக்ஸெப்ஷன் என்று பிடித்தால் போதும் என்று நினைப்பார்கள். ப்ளக்இன் எழுதியவர் மேல்மட்டத்தில் சிஸ்.எக்ஸிட் போட்டிருந்தால் அது எக்ஸெப்ஷனில் அகப்படாது, மெயின் நிரலையே மூடிவிட்டுப் போகும். சிஸ்டம்எக்ஸிட்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் வந்தால் அந்த எரரின் 'நேம்' என்ற பண்பைப் பாருங்கள். பெயர் ப்ளக்இனுடையது என்றால் 6-ஆம் படியில் கோளாறு, வேறு லைப்ரரியினுடையது என்றால் லிப்ஸில் கோளாறு. லாக்கில் இதைப் பிரித்து எழுதினால் ஃபோனிலேயே பாதி வேலை முடியும்.

அப்புறம் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ப்ளக்இன் ஏறாதபோது பொதுக் கணக்கை வைத்துப் பில் போடலாமா? கூடாது என்பேன். "தம்பி, பில்லு வரலை" என்று கடை ஆச்சி கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். "தம்பி, ரெண்டு நாளா மணகோலத்துக்கு ரேட்டு தப்பா விழுந்திருக்கு" என்று கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? நிரல் திறக்கட்டும், பழைய பில்லைப் பார்க்கட்டும், புதுப் பில் பட்டன் மட்டும் காரணத்தோடு மூடியிருக்கட்டும்.

9. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்பு

ஒரு ப்ளக்இன் பழைய பதிப்பைக் கேட்கிறது, இன்னொன்று புதியதை. ஒரே ப்ராஸஸுக்குள் ஒரு பெயருக்கு ஒரு பதிப்புதான், காரணம் யூட்டில்ஸ் கதையில் பார்த்த அதே அகராதி. சிஸ்.மாட்யூல்ஸில் பெயரை மாற்றி வித்தை காட்டும் வழிகள் உண்டு, கம்பைல் செய்த லைப்ரரிகளில் அவை கவிழும்.

முதலில் இரண்டு ப்ளக்இனையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒன்றைத் தனி ப்ராஸஸாக, தனி என்விரான்மெண்டோடு ஓட்டுங்கள். கேள்வியை ஜேசனாக (எழுத்து வடிவத் தரவாக) ஸ்டாண்டர்ட் இன்புட்டில் கொடுத்துப் பதிலை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சம் மெதுவாகும். பில் போடும் வேகத்துக்கு அது தெரியவே தெரியாது.

10. ஓடும்போதே மாற்றுவது

இம்போர்ட்லிப்.ரீலோட் இருக்கிறதே என்பார்கள். அது மேல் மாட்யூலை மட்டும் மறுபடி ஓட்டும், உள் மாட்யூல்களைத் தொடாது. ஏற்கெனவே வேறு இடத்தில் எடுத்து வைத்த ஃபங்க்ஷன்கள் பழையதாகவே இருக்கும். பாதிப் பழசு பாதிப் புதுசாகக் கணக்குப் போடும் பில்லிங் நிரலை யாரும் கேட்கவில்லை. மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

11. யார் கொடுத்த ஃபோல்டர்?

ஏறிய ப்ளக்இன் மெயின் நிரல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யலாம்: ஃபைல் அழிக்கலாம், வாடிக்கையாளர் எண்களை வெளியே அனுப்பலாம். பைத்தானுக்குள் இதைத் தடுக்கும் நம்பகமான வேலி கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த ஜிப்பை அப்படியே பிரித்து வைக்கும் பழக்கம் கடைகளில் உண்டு, அதனால் ப்ளக்இன்ஸ் ஃபோல்டரில் எழுதும் அனுமதியைக் கடை யூசருக்குக் கொடுக்காதீர்கள். லைப்ரரிகளுக்கு ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) சேர்த்து '--ரெக்வயர்-ஹாஷஸ்' போட்டுக் கட்டினால், இறங்கியது நீங்கள் சோதித்த அதே ஃபைல்தானா என்று பிப் பார்த்துக்கொள்ளும்.

12. கடைக்கு எடுத்துப் போகும் முன்

உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது என்பது எதற்கும் சாட்சியில்லை, அதில் எப்போதோ போட்ட லைப்ரரிகள் எல்லாம் கிடக்கும். புதுக் காலி என்விரான்மெண்ட் ஒன்றைக் கட்டி, மெயின் நிரலுக்கு வேண்டியதை மட்டும் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, பைத்தானை '-ஈ' சுவிட்சோடு ஓட்டுங்கள். பைத்தான்பாத் போன்ற சூழல் மாறிகளை அது கண்டுகொள்ளாது.

ஏறிய பிறகு ப்ளக்இன் பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரியின் '__ஃபைல்__' பண்பையும் பிரிண்ட் செய்து பாருங்கள். பாதை லிப்ஸுக்குள்ளோ மெயின் என்விரான்மெண்டுக்குள்ளோ இருக்க வேண்டும். வேறு எங்கோ காட்டினால் கடையில் அது ஏறாது.

அப்புறம் விடை தெரிந்த ஒரு பில் போடுங்கள். டைல்ஸ் என்றால் 110 சதுர அடி, 248 கல். எல்லா ப்ளக்இனையும் சேர்த்து ஏற்றி ஒருமுறை, அந்த ஒன்றை மட்டும் ஏற்றி ஒருமுறை. இரண்டிலும் ஒரே விடை வந்தால் ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள். கடையில் யாராவது பைத்தானைப் புதுப் பதிப்புக்கு மாற்றினால் லிப்ஸை மறுபடி கட்ட வேண்டும் என்பதை அந்த மெஷினிலேயே ஒரு குறிப்பு ஃபைலில், எந்தப் பதிப்புக்குக் கட்டியது என்ற விவரத்தோடு எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.